நகரும் மலையை அளந்த எங்கள் தங்கச்சி

எங்கள் தங்கச்சி இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. அவளைப் பற்றி எழுத வேண்டியவன் நான்தான் என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தங்கச்சி ராகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் பிறந்தாள். அப்பா காலமான பிறகு அம்மா கொழுந்தெடுத்து எங்களை வளர்த்தார். நான் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போனேன். தங்கச்சி படித்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் புவியியலை எடுத்தபோது பக்கத்துக் காம்பரா அத்தை, "மண்ணப் பத்திப் படிக்கவா கம்பஸ் போற? மலைக்கு வாடி, மம்பட்டி தர்றேன்" என்று கேலி செய்தார். தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள்.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்தது லயத்துக்குப் பின்னாலுள்ள மலையைத்தான். அங்கே தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு வெடிப்பு ஓடுகிறது. அதன் இரண்டு கரையிலும் சோடி சோடியாக இரும்புக் கம்பிகள் அடித்தாள். ஞாயிறுதோறும் இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு ஒரு கம்பி பெருவிரல் அகலம் தள்ளி நின்றது. ஆடு மோதியிருக்கும், என் கவனக்குறைவால் தங்கச்சியின் படிப்பே கெட்டுவிடும் என்று பயந்து, அதைப் பிடுங்கிப் பழைய அளவிலேயே அடித்துவைத்தேன். அடுத்த ஞாயிறும் தள்ளி நின்றது. மழைக்காலம் முழுவதும் இப்படியே திருத்தித் திருத்தி அடித்தேன்.

தீபாவளிக்கு வந்தவள் கொப்பியைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே இலக்கம்.

"என்னண்ணே, ஒரு நூலுகூட மாறல?"

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"கம்பி எங்கயும் போகலண்ணே. மலைதான் எறங்குது."

அன்றிலிருந்து காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள். சிங்களத்தில் கடிதம் எழுதி அதிகாரிகளிடம் கொடுத்தாள். அத்தை உட்பட ஆறு குடும்பங்கள் எதிர்மேட்டில், கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை அடித்துக் குடிபோயின. அம்மாவை அழைத்துப் போவதற்குள் தங்கச்சி காய்ச்சலில் விழுந்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்மூடினாள். "அம்மாவ எறக்கிடுண்ணே" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

கருமாதி முடிந்த மறுநாள் விடியற்காலை, அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது, தாழ்ப்பாள் போட்ட கதவு திறந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நேராக மாட்டிய தங்கச்சியின் படம் விடியும்போது சாய்ந்திருந்தது. விளக்கு எண்ணெய் எப்போதும் ஒரே பக்கமாக வழிந்தது. சுவருக்குள் யாரோ அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம். பார்க்க வந்த அத்தை, "புள்ள வந்துட்டுப் போகுது" என்றார். அன்றோடு அம்மா தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டார். கதவுக்கு நேரே ஒரு தட்டில் ரொட்டி வைக்கிறார்.

நான் கதவு நிலையை அளந்து பார்த்தேன். சரிந்திருக்கிறது.

"அம்மா, அது தங்கச்சி இல்லம்மா. மலை தள்ளுது."

அம்மா ரொட்டித் தட்டைக் கதவுக்கு நேரே நகர்த்தி வைத்தார்.

"நாமளும் போயிட்டா, அவ எந்தக் கதவத் தொறந்துகிட்டுடா வருவா?"

உள்ளதைச் சொன்னால், சில விடியலில் அந்தக் கதவு திறக்கும்போது நானும் எழுந்து உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கண்போலப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், மாதந்தோறும் வந்து கம்பிகளை அளந்து போகும் தங்கச்சியின் கம்பஸ் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு நாள் பூசையும் சாப்பாடும் கோயில் மண்டபத்தில் நடக்கும். இந்த வருட மழை தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நான் கூப்பிட்டால் அம்மா வருவதில்லை; லயத்துக்கு ஏறி வருகிறவர்கள் அம்மாவின் கையைப் பிடித்து மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கதவு தானாகத் திறந்தால், தங்கச்சி வந்திருக்கிறாள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.