டில்லியின் தலையில் நான் போட்ட பழி

பேச்சியம்மாளின் மகளைத் தமிழ் வகுப்பிலிருந்து பிரித்தது எந்த அரசும் அல்ல. நான்தான்!

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

1977 ஜூன், பள்ளி திறந்த வாரம். வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டமொன்றில் நான் எழுத்தர். லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்களின் விண்ணப்பங்களை நிரப்பித் தருபவன்; நாளிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பவன். கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதைக் கண்டித்து, அன்று காலைதான் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தேன். 'எங்கள் பிள்ளைகளின் படிப்பை எங்களைக் கேட்காமல் எங்கோ இருப்பவர்கள் தீர்மானிப்பதா!'

மை உலரவில்லை... பேச்சியம்மாள் வந்தாள். கொழுந்து பறிப்பவள். மகள் முத்துமாரியை ஐந்தாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

"தமிழ்னு போடுங்க சாரே. அந்த வாயாடிக் கழுதைக்கு அது ஒண்ணுதான் ஓடும்."

சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்துவிட்டு மலைக்கு ஓடினாள்.

பயிற்றுமொழி என்ற இடத்தில் நான் மலையாளம் என்று எழுதினேன்.

ஏன்? இந்த மாநிலத்தில் அரசு வேலைக்கு மலையாளம் வேண்டும். கெட்டிக்காரப் பெண், பழகிக்கொள்வாள் என்று நினைத்தேன். தாயைக் கேட்டிருக்கலாமே? கேட்டால் மறுப்பாள் என்று எனக்குத் தெரியும்!

என் அன்றைய நாட்குறிப்பில் கடிதத்தைப் பற்றி இருக்கிறது. விண்ணப்பத்தைப் பற்றி இல்லை.

பள்ளியில் சேர்ந்த அன்றே பேச்சியம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். "எம்புள்ளய மலையாள வகுப்புல இருத்திட்டாங்க சாரே!"

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே மாற்றியிருக்கலாம். நான் பழைய நாளிதழ் ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

"டில்லியில சட்டம் மாறிருச்சு பேச்சியம்மா. இனி எல்லாம் அவங்க முடிவுதான்."

வாசிக்கத் தெரியாத அந்தத் தாளையே பார்த்தபடி நின்றாள்.

"டில்லிக்கு எம்மவளத் தெரியுமா சாரே?"

நான் நாளிதழை மடித்து அடுக்கில் வைத்தேன். அவளைத் தெரிந்த நான்தானே அதைச் செய்தேன்!

முத்துமாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆசிரியர் "மனசிலாயோ?" என்று கேட்கும்போதெல்லாம் தலையாட்டுவாளாம். புரிந்துவிட்டது என்றே அவர் நினைத்தாராம். இரண்டு முறை தோற்றாள். லயத்திலும் அவள் குரல் கேட்பது நின்றுபோனது.

இந்த ஆண்டு, 1979இல், பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் கொழுந்துக்குப் போகும் வழியில் தாயும் மகளும் என் வாசலில் நின்றார்கள். மகளின் முதுகில் புதுக் கூடை.

"இவ மண்டு சாரே. நீங்க பாவம், என்ன செய்வீங்க? அன்னைக்கே பேப்பரக் காட்டிச் சொன்னீங்களே."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். திறந்தேன், சத்தியமாக...

"போகப் போகப் பழகிரும்மா" என்றேன்.

முத்துமாரி தலையாட்டினாள்.