வெண்டிக்கன்றுக்கு வந்த துணை

இன்று காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஹென்ரிக் பழைய பேப்பரில் சுற்றிய பூச்சாடியோடு நிற்கிறார்.

"உங்கட குசினி ஜன்னல்ல நிக்கிற கன்றுகளைப் பாத்தன். இதையும் வையுங்கோ, நல்ல இனம்."

பேப்பரை விலக்கினேன். விரல் விரித்தது போன்ற இலை. அசல் என் வெண்டிக்கன்று மாதிரியேதான். ஆனால் மணம் வெண்டியின் மணம் இல்லை.

கஞ்சா!

"ஐயோ, என்ரது வெண்டி. சாப்பிடுற சாமான்" என்றேன்.

"ஓம் ஓம், என்ர மனுசியும் கேக்கில போட்டுத்தான் சாப்பிடுறவ. முழங்கால் நோவுக்கு நல்லம்" என்று கண்ணடித்தார். "பயப்பிடாதேங்கோ. இந்தத் தீவில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் பொலிசுக்குச் சொல்லமாட்டினம்."

எல்லாருக்கும் தெரியுமாம்!

கடைக்காரப் பெண் போன கிழமை "கன்றுகள் எப்படி?" என்று சிரித்தது இப்போதுதான் விளங்குகிறது. நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். குடியுரிமை விண்ணப்பம் வேறு இன்னும் முடிவு தெரியாமல் கிடக்கிறது.

என் கணவர் வேலையிடத்திலிருந்து போனில் கத்துகிறார்: "உடன கொண்டுபோய்த் திருப்பிக் குடும்!"

அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் தெருவில் இறங்குவது? குப்பையில் போடலாம் என்றால், குப்பை எடுக்க வருவது ஹென்ரிக்கின் மகன். இப்போதைக்குக் குளியலறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

வெண்டி காய்த்ததும் கறி வைத்து வீடு வீடாகக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றலாம் என்று பார்க்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு, "ஒண்டும் ஏறேல்லையே" என்று திரும்பி வந்தால் என்ன சொல்வது?