துருப்பும் டியூஸும்: ஒரு ஏற்காட்டு மார்க்கர் சொல்வது

ஒருவர் தோற்றுக்கொண்டிருப்பதை ஊர் கேட்க உரக்கச் சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே உத்தியோகம் கிளப் மார்க்கர் வேலைதான். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்கு மேலே இருந்த எங்கள் சின்ன கிளப்பில் எழுபதுகளில் அந்த வேலை எனக்கு. வெயில் இருந்தால் டென்னிஸ், மழை வந்தால் சீட்டு, இரண்டுக்கும் எண்ணிக்கை நான். கல்யாண வீட்டுச் சீட்டுக் கச்சேரியில் ஒரு தடவையாவது எண்ணிக்கை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

காணாமல் போன ஐந்து

மஞ்சக்குட்டையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த பொன்னுசாமிக்கு டென்னிஸ் பிடித்தது மகளால். கோயமுத்தூர் காலேஜில் ஆடிப் பழகி வந்த பெண், அப்பாவைத்தான் ஜோடியாகக் கேட்டது. மனிதர் மட்டையைப் பிடிக்கும் முன்பே கணக்கைப் பிடித்துக்கொண்டார். "முதல் புள்ளிக்குப் பதினஞ்சு, ரெண்டாவதுக்கு முப்பது. மூணாவதுக்கு நாப்பத்தஞ்சு தானுங்க வரோணும்? ஏனுங்க நாப்பது?"

தெரியாது என்று சொன்னால் மார்க்கருக்கு மரியாதை ஏது? "வெள்ளைக்காரன் இந்த ஆட்டத்தைக் குதிரை மேல் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தானுங்க. ஒரு கொண்டை ஊசி வளைவில் குதிரை மிரண்டு, ஐந்து மட்டும் உருண்டு கீழே போய்விட்டது" என்றேன். பொன்னுசாமி பள்ளத்தாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப சேலத்துல ஆடறவங்க நாப்பத்தஞ்சுன்னுதான் சொல்லுவாங்களாட்ட!"

வெட்டுப்பட்ட ஜாக்கி

முந்நூற்று நாலு என்று ஒரு சீட்டாட்டம். அதில் ராஜாவுக்கு மூன்று புள்ளி, ராணிக்கு இரண்டு, அவர்களுக்குச் சேவகம் செய்கிற ஜாக்கிக்கு முப்பது! மார்க்கர்கள் மனசு வைத்து உண்டாக்கிய ஆட்டம் என்றே நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஜோடி. எதிராளி பெரிய சீட்டைப் போட்டால், எதையும் ஜெயிக்கிற துருப்பைப் போட்டு வெட்டலாம். சொந்த ஜோடியின் சீட்டை யாரும் வெட்ட மாட்டார்கள்.

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் மேனேஜர் ஆரோக்கியசாமி வெட்டினார். அடை மழை பெய்த ஒரு சாயங்காலம், அவர் மனைவி ரீட்டாம்மா ஆட்டின் ஜாக்கியை ராணுவத் தளபதி மாதிரி மேஜை நடுவில் இறக்கினார். அந்தச் சுற்று அவர்களுடையதுதான். மேனேஜர் என்ன நினைவில் இருந்தாரோ, கடைசித் துருப்பை அதன் மேலே போட்டுவிட்டார். அடுத்த சுற்றை வெட்டத் துருப்பில்லாமல் ஆட்டம் போயிற்று.

"தப்புன்னு ஒத்துக்குங்க" என்றார் அம்மா. "மழைச் சத்தத்துல கவனிக்கல" என்றார் மேனேஜர். அவ்வளவுதான், பேச்சு நின்றுபோனது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஊமை நாடகம். அம்மா பெட்டியும் கட்டி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிளப் கோப்பைக்கான ஜோடி ஆட்டம். அதில் ஆடுவதாகக் கொடுத்த வாக்குக்காகத்தான் காத்திருந்தார். சமையல் அறைப் பக்கம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது:

"அவரு வாயில இருந்து தப்புன்னு ஒரு வார்த்தை வரலீன்னா, திங்கக்கிழமை மொதல் பஸ்ஸுல சேலத்துக்கு, எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

மார்க்கர் வழியாக ஆடிய ஆட்டம்

சீட்டில் ஜோடியோடு பேசக் கூடாது. கண்ணைச் சிமிட்டினாலே சண்டை. டென்னிஸில் பேசியே ஆக வேண்டும். நடுவில் வருகிற பந்துக்கு 'என்னுது', 'உங்களுது' என்று யாராவது கத்தாவிட்டால் இருவரும் மோதிக்கொள்ள வேண்டியதுதான். ரீட்டாம்மா சீட்டு மேஜைச் சட்டத்தைக் கோர்ட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். எதிரே பொன்னுசாமியும் மகளும். உயர நாற்காலியில் நான்.

"மார்க்கர், பின்னாடி நிக்கிறவர்கிட்டச் சொல்லுங்க, இது அவரு பந்து!" என்பார் அம்மா. நான் மேனேஜர் பக்கம் திரும்பி மரியாதையாகத் தெரிவிப்பேன். அதற்குள் பந்து வேலியில் இருக்கும். எண்ணிக்கையும் சொல்லி, குடும்பத் தபாலும் கொண்டு சேர்த்ததில் என் தொண்டை காப்பிக் கொட்டை மாதிரி வறுபட்டது. மூச்சு வாங்க நின்ற மேனேஜர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லு, சேதி தாக்கல் எனக்கு வர்றதுக்குள்ள பந்து நாகலூரே போயிருச்சுன்னு."

பனிக்குள் இறங்கிய பந்து

அப்படியும் கடைசி ஆட்டம் வரை இழுத்துப் பிடித்தார்கள். நாற்பதுக்கு நாற்பது, டியூஸ். இனி யார் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்கிறார்களோ கோப்பை அவர்களுக்கு. அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. எங்கள் ஊர்ப் பனியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் அடித்த பந்து ஒன்று திரும்பி வந்தபோது அடித்தவர் மீசை நரைத்திருந்தது. ஆனாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டியூஸ், அட்வான்டேஜ், மறுபடி டியூஸ். அப்புறம் அட்வான்டேஜ் மஞ்சக்குட்டை; பொன்னுசாமி ஜோடிக்கு இன்னும் ஒரே புள்ளி.

பொன்னுசாமி மகள் ஒரு பந்தை வானத்துக்குத் தூக்கினாள். அது பனிக்குள் போய் மறைந்து, மேனேஜருக்கு நேர் மேலே இறங்கியது. குழந்தைகூட அடித்துவிடும். மட்டையை ஓங்கிய மனிதர், பக்கத்தில் மனைவி ஓடிவருவதைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். அம்மாவோ அவர் அடிப்பார் என்று நின்றுவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து 'தொப்'பென்று விழுந்தது. கோப்பை மஞ்சக்குட்டைக்கு.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு உன் ஜாக்கிய வெட்டுனது தப்புதான் ரீட்டா. இன்னிக்கும் உன்னுத வெட்டீறக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

ரீட்டாம்மா மட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, ஏனுங்க, இது எதிராளி போட்ட சீட்டுங்க! இதைத்தானுங்க வெட்டோணும்!"

திங்கட்கிழமை முதல் பஸ் அம்மா இல்லாமலே இறங்கிப் போனது. அன்று சாயங்காலம் இருவரும் ஒரே குரலில், தோற்றதற்குக் காரணம் மார்க்கர் எண்ணிக்கையைத் தப்பாகச் சொன்னதுதான் என்று முடிவு செய்தார்கள்.