மகள் கேட்ட குட்டை மரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பதினெட்டு வருடமாக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். பூனை குறுக்கே போனால் என்ன ஆகும் டீச்சர் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டால், "பூனை அந்தப் பக்கம் போய்ச் சேரும், வேற என்ன ஆகும்?" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு முழ உயர மரத்தின் முன்னால் ஈரக்குலை நடுங்க நின்றிருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. நான் வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடம்தான். காலைப் பிரேயரில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவோம், குட்டையான பிள்ளை முன்னால். மூன்றாம் வகுப்பிலிருந்து என் மகள்தான் முதல் ஆள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஓரிடம், இரண்டிடம் பின்னால் நகர்ந்து போனார்கள். இவள் மட்டும் கொடிக்கம்பத்துக்கு நேர் எதிரே அதே இடத்தில் நின்றாள். டீச்சர்கள் வரிசையில் நிற்கும் எனக்கு அவளைப் பார்க்காமல் வேறெங்கும் பார்க்க முடியாது.

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் டெய்லர், யூனிபார்ம் ஸ்கர்ட்டின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைப்பார். "வளர்ற பிள்ளை டீச்சர். அடுத்த வருசம் மடிப்பப் பிரிச்சு விட்டுக்கிறலாம்" என்பார். ஐந்தாம் வகுப்பில் தைத்த ஸ்கர்ட்டை ஏழாம் வகுப்பிலும் போட்டுக்கொண்டு போனாள். துணி வெளுத்தது, இடுப்பு ஊக்கு இரண்டு தடவை மாறியது, மடிப்பை மட்டும் பிரிக்கவில்லை. துவைத்துக் கொடியில் போடும்போதெல்லாம் அந்தத் தடித்த மடிப்பு கையில் தட்டுப்படும்.

என் கணவர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அவர்தான் ஒருநாள், "இம்புட்டு யோசிக்கிறதுக்கு ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருங்களேன்" என்றார். ஒரு சனிக்கிழமை காட்டினோம். எலும்பின் வயது என்ன என்று பார்க்க இடது மணிக்கட்டில் எக்ஸ்ரே. அப்புறம் நாலு குப்பி ரத்தம், அது டெஸ்டுக்கு மதுரைக்குப் போய் வர வேண்டும். அடுத்த சனிக்கிழமை ரிப்போர்ட். "பயப்பட ஒண்ணும் இல்லம்மா, பாத்துக்கிருவோம்" என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படிச் சொன்னால்தான் எனக்குப் பயம் வரும்.

ஊசி ஏறும்போது அவள் அழவில்லை. நான்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும், "என்ன வேணும்னாலும் கேளு பாப்பா, அம்மா வாங்கித் தாரேன்" என்றேன். சைக்கிள் கேட்பாள் என்று நினைத்தேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன்சாய் மரம்" என்றாள்.

"என்னது?"

"பெரிய மரத்தத் தொட்டில குட்டியா வளக்குறதும்மா. வீடியோல பாத்தேன்."

"சரி" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சரியைச் சொல்வதற்கு முன் என் முகம் ஒரு போக்குப் போயிருக்கும். அதை அவள் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கன்னிவாடியிலிருந்து என் கணவரின் அக்கா ஃபோன் செய்தார். கையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பேச்சோடு பேச்சாக மரம் விஷயத்தையும் உளறிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்றார். "வளர்ற மரத்த வளர விடாம கம்பியக் கட்டி வைக்கிறாங்க. அதப் போயி, வளராத பிள்ள இருக்கற வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கப் போறியா? அது வளராத வரைக்கும் இதுவும் வளராது, பாத்துக்க."

"மதினி, நான் சயின்ஸ் டீச்சர். என்கிட்டயா இதெல்லாம் சொல்றீங்க?"

"நீ டீச்சருன்னு மரத்துக்குத் தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் ஃபோனை வைத்தேன். அந்தச் சிரிப்பு வெங்காயத்தை உரித்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. ஹார்மோன், மரபணு, சத்துக் குறைபாடு என்று கரும்பலகையில் எழுதுகிற எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே மதினியின் குரல் உட்கார்ந்துகொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு இருட்டுகூடத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பழனி ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனோம். அதை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். நெய்க்காரப்பட்டிப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அந்த ஊர்ப் பேச்சு இன்னும் மாறவில்லை.

"வாங்க்கா. புதுசா வளக்கப் போறீங்களாங்க? யாருக்குங்க, பாப்பாவுக்கா?"

நான் அடினியத்தைக் காட்டினேன். பூ அழகாக இருக்கிறதே என்றேன். காகிதப்பூவைக் காட்டினேன். என் மகள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நிழல்வலைக்குக் கீழே பலகை மேல் தட்டையான தொட்டிகளில் வரிசையாக நின்ற குட்டை மரங்களிடம் நேராகப் போய்விட்டாள்.

"மொதத் தடவைன்னா இச்சி எடுத்துக்கோங்க பாப்பா" என்றாள் அந்தப் பெண். "ஆலமரத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கோங்களேன். ரெண்டு நாளு தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது. அடிமரத்தப் புடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா வேர் புடிக்கலீன்னு அர்த்தம். இலையத் திருப்பிப் பாருங்க. பூச்சி இருந்தா எடுக்காதீங்க."

என் மகள் ஒவ்வொரு மரமாக ஆட்டிப் பார்த்தாள், இலையைத் திருப்பினாள், குனிந்து தொட்டியின் அடி ஓட்டையைக்கூடப் பார்த்தாள். பரீட்சைப் பேப்பரை நான் திருத்துவதுபோல் அத்தனை கறாராக. கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இதுக்கு வயசு என்னக்கா?"

"பன்னெண்டு வருசம் ஆகுதுங்க பாப்பா."

அத்தனை வயதிலும் போயும் போயும் பன்னிரண்டா? அடிமரம் தடித்து, தோல் சாம்பல் பூத்து, வயசாளி போலத்தான் இருந்தது. உயரம் மட்டும் ஒரு முழம். கிளைகளில் கம்பி சுற்றியிருந்தது. ஒரு கிளையில் கம்பி பட்டைக்குள்ளேயே இறங்கியிருந்தது. என் மகள் அந்த இடத்தை விரலால் தடவினாள். இடது கை. முந்தின நாள் எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாக எலும்பு தெரிந்த அதே மணிக்கட்டு.

"இதுக்கு மேல வளருமா?" என்று கேட்டாள்.

"வளரும்ங்க. வளர வளர வெட்டோணும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வேரையும் கத்தரிக்கோணும்."

"செத்துப்போகாதா?" இதைக் கேட்டது நான்.

"கத்தரிக்காம உட்டாத்தான்க்கா வேர் தொட்டிய நெருக்கிச் செத்துப் போயிரும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் மகள் பக்கம் திரும்பினேன். "பாப்பா, ரோஸ் வாங்கிக்கிருவமா? பெரிய தொட்டில வைப்போம்" என்றேன். என் மகள் நிமிர்ந்து, "என்ன வேணும்னாலும் கேளுன்னு சொன்னேல்ல?" என்றாள். பர்ஸைத் திறந்தேன்.

ஆட்டோவில் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "என்ன பாப்பா, தாலாட்டுறியா?" என்று ஆட்டோக்காரர் கேட்டதற்கு அவள் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் மரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அதை வைத்தேன். வெயில் அளவாக விழும் என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், வருகிற ஆள் போகிற ஆள் கண்ணில் அது படக்கூடாது. நான் இப்படிச் செய்வது முதல் தடவையும் அல்ல. கல்யாண வீடுகளில் ஃபோட்டோ எடுக்கும்போது என் மகளை எப்போதும் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். உட்கார்ந்திருந்தால் உயரம் தெரியாது.

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அவள் காலையும் மாலையும் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்தோணியார் கெபியில், சொரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வியாழக்கிழமை ஸ்கேலை எடுத்துப் போய் மரத்தை அளந்தேன். அடியிலிருந்து நுனிவரை பதினெட்டு அங்குலம். எதற்கு அளந்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஓவென்று அழுதிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

வெள்ளிக்கிழமை. மறுநாள் ரிப்போர்ட். மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் கடையில், மகள் பள்ளியில். மரத்தைக் கீழே கொண்டுபோய், காம்பவுண்டு சுவர் ஓரம் குழாயடிக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் குழி எடுத்தேன். கட்டிங் பிளேயரால் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். பட்டைக்குள் இறங்கியிருந்த கம்பியை எடுக்கும்போது பட்டை கிழிந்தது, பால் வடிந்தது. "மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க" என்று மரத்திடம் சத்தமாகவே சொன்னேன். தொட்டியிலிருந்து உருவி, குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். "அந்தோணியாரே, இது வளரட்டும். இது வளர்ந்தா அவளும் வளந்துருவா." இதைச் சொன்னது பதினெட்டு வருட அறிவியல் டீச்சர்.

நாலரைக்கு அவள் வந்தாள். பை தோளில் இருக்கும்போதே பின்பக்கம் போனாள். மரம் இல்லை என்றதும் கீழே இறங்கி வந்து, சுவர் ஓரம் கிடந்த காலித் தொட்டியைக் கையில் எடுத்தாள். நான் இன்னும் குழாயடியில்தான் நின்றிருந்தேன், புடவை முழுக்கச் சேறு.

"வாடுன மாதிரி இருந்துச்சு பாப்பா. மண்ணுல வச்சா தெளிஞ்சுரும்னு..."

"வாடல. காலைல பாத்தேன். புதுசா ரெண்டு துளிர் விட்டிருந்துச்சு."

நான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"அத்தை சொன்னாங்கன்னுதானம்மா?"

"எந்த அத்தை? என்ன சொன்னாங்க?" என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டுத்தான பேசுன."

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "நாளைக்கு, நான் இப்படியேதான் இருப்பேன்னு ரிப்போர்ட் வந்தா என்ன செய்வ?"

"வாய மூடு! அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும்.

அவள் கத்தவில்லை. தொட்டியைத் தரையில் வைத்தாள். "அது எப்பவும் குட்டையாத்தான் இருக்கும்னு தெரிஞ்சுதாம்மா கேட்டேன். குட்டையா இருக்கறத நம்ம வீட்ல ஆசையா வச்சுக்கிருவீங்களான்னு பாக்கணும்போல இருந்துச்சு. நீ வாஷிங் மெஷினுக்குப் பின்னால வச்ச. இப்பக் குழியில வச்சுட்ட."

யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. அவள் வளராமல் போய்விடுவாளோ என்று பயந்து பயந்து, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மறந்துபோனேன். ஊசிக்கு அழாத பிள்ளைக்கு அப்போது கண் நிறைந்துவிட்டது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். "தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. அம்மாவுக்குப் பயம். பயத்துல செஞ்சுட்டேன்" என்றேன்.

இரண்டு பேருமாகக் கையாலேயே மண்ணைத் தோண்டினோம். ஈரமண்ணாக இருந்ததால் வேர் அறுபடாமல் வந்தது. தொட்டியில் வைத்து மண் போட்டு, கிழிந்த பட்டையைச் சேர்த்து நூலால் தளர்வாகக் கட்டினாள். நான் அதை எடுத்துக்கொண்டுபோய் முன் ரூம் ஜன்னலில், வாசலில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிற இடத்தில் வைத்தேன். அடுத்த மாதம் மதினி வந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். "மதினி, காப்பி ஆறுது" என்றேன். நான் சொன்ன விதத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் எலும்பின் வயது இரண்டு வருடம் பின்தங்கியிருந்தது. அப்படிப்பட்ட சில பிள்ளைகள் தாமதமாக வளருவார்களாம். சிலர் அவ்வளவாக வளர மாட்டார்களாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்காரும்போது அது திரும்ப வந்துவிடுகிறது. அவள் பார்க்கிறாள் என்று தெரிவதால் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் எட்டாம் வகுப்பு. பழைய ஸ்கர்ட் கிழிந்துபோனதால் புதுத் துணியோடு டெய்லர் கடைக்குப் போனோம். அவர் டேப்பை எடுத்து அவள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை பிடித்தார். நோட்டில் எழுதினார். ஐந்தாம் வகுப்பில் எழுதிய அதே எண்ணுக்குப் பக்கத்தில் வந்துதான் நின்றது.

"வழக்கம்போல நாலு விரல் மடிப்பு விட்டுரவா டீச்சர்?"

என் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்ண்ணே" என்றேன். "இப்ப இருக்கற அளவுக்கே தைங்க. வளந்தா வேற தச்சுக்கிருவோம்."