வியன்னா ரயிலில் கை கூப்பினது

எனக்கு எழுபத்துநாலு வயசு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். வீட்டுக்காரர் போனபிறகு, ஆந்திராவில் எங்கள் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் தோல் சீவி, கொட்டை எடுத்துத்தான் வளர்த்தேன். மண்டல ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, எந்த மனுஷன் முன்னாலும் கை கூப்பி நின்றதில்லை. அது கோயிலில் ஜெபத்துக்கு மட்டும்தான். இதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

மூத்த மகன் ஜெர்மனியில் மியூனிக் என்ற ஊரில் வேலையில் இருக்கிறான். போன வருஷம் வரச்சொல்லிக் கூப்பிட்டான். திருப்பதியில் காலேஜ் படிக்கிற என் மகள் வயிற்றுப் பேத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து நாட்டு வியன்னாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரயிலில் எங்களை அழைத்துப் போனான். எந்த இடத்தில் நாடு மாறியது என்றே தெரியவில்லை.

"இப்ப எந்த நாட்டுல இருக்கோம்டி?"

"நீ கேட்டுக்கினே வா ஆயா. அதும் மாறிக்கினே வரும்."

மகனும் சிரித்தான்.

திரும்பி வரும்போது எல்லையில் ரயில் நின்றது. மூன்று போலீஸ்காரர்கள் ஏறினார்கள். மற்றவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர்கள் எங்களிடம் வந்து நின்றுவிட்டார்கள். மகன் தன் ஜெர்மனி அடையாளக் கார்டைக் காட்டினான். என் பாஸ்போர்ட்டும் பேத்தியுடையதும் மேலே வைத்த பையில் இருந்தன. பையை இறக்கித் துணிகளை எடுத்துப் போட்டுத் தேடினான். என் உள்பாவாடை சீட்டின்மேல் கிடந்தது. அவனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

நம் திருப்பதி பஸ்ஸில், செம்மரம் வெட்டப் போகிறவனோ என்று சந்தேகப்பட்டுப் போலீஸ்காரர்கள் பையோடு ஆளை இறக்குவார்கள். இறங்கின ஆள் அதே பஸ்ஸில் திரும்ப ஏறி நான் பார்த்ததில்லை. அந்த நினைப்புதான் வந்தது. எழுந்து இரண்டு கையையும் கூப்பினேன். வீட்டில் தமிழ் என்றாலும், போலீஸ் உடுப்பைக் கண்டால் எனக்குத் தெலுங்குதான் வரும்.

"அய்யா, மா அப்பாயி மஞ்சிவாடய்யா! வதிலேயண்டி!"

என் பிள்ளை நல்லவன், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"உக்காரு ஆயா," என்று பேத்தி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "சும்மா பாஸ்போர்ட்டுதான் கேக்கறாங்க. மானம் போவுது."

அதற்குள் பாஸ்போர்ட் கிடைத்தது. போலீஸ்காரர் பார்த்தார், கொடுத்தார். குனிந்து என்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்னாடி சொல்றாரு?"

"பயப்படாதீங்க, நல்லபடியா போய்ச் சேருங்கன்றாரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மகன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் தப்பு ஏதாவது பண்ணியிருப்பேன்னு நெனச்சியாம்மா?"

"இல்ல நைனா."

"அப்பறம் ஏன் விட்டுடுங்கன்னு கேட்ட?"

அவன் கேட்டது சரிதான். தப்பு செய்தவனுக்குத்தானே அப்படிக் கேட்பார்கள்.

ஊருக்கு வந்தபிறகு எங்கள் சர்ச் சபைப் பெண்கள் ரயில் எப்படி என்று கேட்டார்கள். சத்தமே இல்லை, தம்ளரில் தண்ணீர் தளும்பாது என்று பெருமையாகச் சொன்னேன். மகன் வாராவாரம் போன் பண்ணுகிறான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறான். அந்த ரயில் விஷயத்தை மட்டும் அவனும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். இனி சொல்வது அவனுக்குத்தான். நைனா, அன்றைக்கு இல்லை என்று சொன்னேன். ஆனால் நீ வேர்த்து நின்ற அந்த ஒரு நிமிஷம் உன்னைச் சந்தேகப்பட்டேனா இல்லையா, எனக்கே தெரியவில்லை. பெற்று வளர்த்தவளுக்கு அது தெரியவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

எழுதிட்டியா கண்ணு? அனுப்பறதுக்கு முன்னால ஒருவாட்டி படிச்சுக் காட்டு. எனக்காகப் பாத்து எதையும் நல்லதா மாத்திப் படிக்காத.