பிளாக் நம்பர் பார்த்து உள்ளே போன அக்கா

மழை விட்டிருந்த ஒரு காலை. சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில், கல் மேசை ஒன்றில் கீரை பரப்பிக் கிடக்கிறது. சுற்றி முன்பின் தெரியாத மூன்று பெண்கள். அவர்கள் நடுவே எங்கள் எதிர்வீட்டு அக்கா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். சிங்கப்பூர் என்றதும் எனக்கு முதலில் வருவது இதுதான். தண்ணீர் கொட்டும் சிங்கச் சிலையெல்லாம் பிறகுதான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு பெண்கள் நாங்கள். நான்கு வீட்டுக்காரர்களும் மைன்ஸில் பர்மனெண்ட். பத்து வருஷத்துக்கு முன், அவர்களை ஷிஃப்டோடும் ரசத்தோடும் விட்டுவிட்டு நான்கு நாள் சுற்றுலாவுக்குக் கிளம்பினோம். "ஏர்போர்ட்லயே தொலஞ்சிடுவீங்க" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். கிளம்பியதற்குக் காரணம் அக்காதான். அவர் கணவர் இன்னும் சில மாதங்களில் ரிட்டயர் ஆக இருந்தார். ரிட்டயர் ஆனால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அக்கா போவதற்குள் எங்காவது சேர்ந்து போய்விட வேண்டும் என்று எங்களுக்கு ஓர் ஆசை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் காலி செய்யும் நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாமான் கட்டுகிறவர்கள், லாரிக்காரர், வழியனுப்ப வந்தவர்கள் எல்லோருக்கும் தெருவே சமைக்கும். எத்தனையோ குடும்பங்களை அப்படி அனுப்பி வைத்தோம். ஒவ்வொரு முறையும் சாம்பார் அக்காவுடையது. விமானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு யாருடி சாம்பார் வைப்பீங்க? உப்பு பாத்துப் போடுங்க" என்றார். சிரித்தேன். அடுத்த நொடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கணவருக்குத் தென்காசிப் பக்கம் சொந்த ஊர். அங்கே வீட்டுக்குத் தளம் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. அக்காவுக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. அவருடைய அப்பாவும் மைன்ஸ் தொழிலாளிதான். அக்கா பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்த டவுன்ஷிப்பிலேயே. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் டவுன்ஷிப்பில் தான் இருக்கும் பிளாக்கின் நம்பரைச் சொல்வார். தென்காசிக்குப் போக அவருக்கு மனசே இல்லை. எங்கள் மூவருக்கும் தெரிந்த அந்த விஷயம் அவர் கணவருக்கு மட்டும் தெரியாது.

சிங்கப்பூரில் முதல் இரண்டு நாளும் அரைத்தூக்கத்தில் நடந்தது மாதிரி இருக்கிறது இப்போது. சத்தமில்லாமல் வந்து நிற்கும் ரயில்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டி நின்றுவிடும் மழை. சாயங்காலம் படகில் போனபோது விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக நெளிந்தன. நாங்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பேசாமல் இருந்தோம். யாருக்குப் பசிக்கும், யார் எப்போது ஷிஃப்ட் முடிந்து வருவார் என்ற கணக்கே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு லேசாக நான் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை அக்காவைக் காணோம். பூக்கடை வரை போய் வருகிறேன் என்றவர் திரும்பவில்லை. எங்களுக்கு உயிரே போய்விட்டது. கடை கடையாகக் கேட்டுக்கொண்டு ஓடி, கடைசியில் அந்தக் கீரை மேசையில் கண்டுபிடித்தோம். "பிளாக்குன்னு நம்பர் போட்டிருந்துச்சு. நம்ம ஆளுங்கன்னு உள்ள வந்தேன்" என்றார், அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை என்பதுபோல. அங்கிருந்த வயதான தமிழ்ப் பெண்மணியிடம், எங்கள் தெருவில் புதிதாக வந்தவரைக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டாரா? அப்ப எப்பங்க காலி பண்ணணும்?"

"காலி பண்றதா? எதுக்கு? அவரு ரிட்டயர் ஆகி எவ்வளவோ வருஷமாச்சு. இது என் வீடும்மா. நான் எங்கயும் போக மாட்டேன்."

அக்காவின் கை கீரைத் தண்டோடு நின்றுவிட்டது. ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். "உன் போனைக் குடு" என்றார் என்னிடம்.

தூணோரம் நின்று கணவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். மறுமுனைக் குரலும் கேட்டது.

"நான் தென்காசிக்கு வரலைங்க. வடலூர்ல ஒரு வூடு பாருங்க. இவங்களையெல்லாம் பாத்துகினு நெய்வேலி பக்கத்துலியே இருக்கணும் எனக்கு."

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலியே."

"சரி, வா. வந்து பேசிக்கலாம்."

"அங்க வந்தா பேச மாட்டேன். எனக்கே தெரியும். இப்பவே சொல்லுங்க."

அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன. "பாக்கறேன்" என்றார் அவர். "சாப்ட்டியா?"

அக்கா அழுதார். பாக்கறேன் என்று சொல்லிவிட்டு அவர் எதையும் பார்க்காமல் விட்டதில்லையாம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாளில் நாங்கள்தான் சமைத்தோம். லாரி போகப்போவது பக்கத்து வடலூருக்கு. அதற்கே தெரு முழுக்க நின்று அழுதோம். மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து, சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா. இப்போது அவர் கணவரிடம் தென்காசியைப் பற்றிப் பேச்செடுத்தால், அங்கே போய் என்ன செய்வது, பேசக்கூட ஆளில்லை என்கிறார்.

இந்த வருஷம் எங்கள் முறை. அறந்தாங்கியில் மாமனார் வீட்டை என் வீட்டுக்காரர் பழுதுபார்த்து முடித்துவிட்டார். சமையலறைக்கு எந்த நிறம் வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்டார். பல வாரங்களாக வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டே இருந்தேன். நேற்று, அவர் செய்தித்தாளை மடித்து வைக்கும்வரை காத்திருந்து சொன்னேன். அங்கே வர எனக்கு விருப்பமில்லை, வடலூரிலேயே இருந்துவிடலாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். "அந்தக்கா சொல்லிக் குடுத்தாங்களா?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கப் போனார்.

"இல்ல" என்றேன். "நானாத்தான் சொல்றேன்."