பாலாவிச் சந்தியில் வலப்புறம்

தில்லையடியிலிருந்து மாம்புரிக்குப் போகும் வழியில் எனக்கு அச்சம் தருகிற இடம் ஒன்றுதான். கொழும்புச் சாலையில் தெற்கு நோக்கி வந்து, பாலாவிச் சந்தியில் கற்பிட்டிச் சாலைக்குள் வலப்புறமாக வளைய வேண்டும். எதிரே வருவனவற்றைக் கண் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருவனவற்றை வலத் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையையும் புழுதியையும் காட்டும். நான் வளைவதற்குக் காத்து நிற்கையில் என்னை முந்திக்கொண்டு வலப்பக்கமாக ஏறிவரும் சீமெந்து லொறியைக் காட்டாது. என் கழுத்தோ வலப்புறம் திரும்புவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

விபத்து எதுவும் நேரவில்லை. எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த வைத்தியர், குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். வலி மட்டும் இருந்தது. அது காதுக்குக் கீழே தொடங்கித் தோள் வரை இறங்கும். ஒரு நாள் தணிந்தும் மறுநாள் முறுகியும் நிற்கும்.

ஆகவே, என் கழுத்தின் வேலையை என் கணவர் செய்துவந்தார். அவருடைய உதிரிப்பாகக் கடை பாலாவியில் இருந்தது. காலையில் என் பின்னிருக்கையில் ஏறி வருவார். சந்தி நெருங்கியதும் அவர் திரும்பிப் பார்த்து, "நில்லு... நில்லு... இப்ப போ" என்பார். நான் போவேன். வளைந்து முடிந்ததும் அவர் இறங்கிக் கடைக்கு நடப்பார்; நான் உப்பளங்களைக் கடந்து மாம்புரியில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பின்னேரம் வரும்போது இடப்புறம் வளைவதால், வண்டியைச் சரித்து நிறுத்தி உடம்போடு பார்த்துக்கொள்ளலாம். காலைதான் சிக்கல்.

விடுமுறை தொடங்கிய நாளில், கடையைப் புத்தளம் நகருக்கு மாற்றப்போவதாக அவர் சொன்னார். அடுத்த பள்ளித் தவணையிலிருந்து அவருக்குப் பாலாவியில் வேலை இல்லை. கோபமோ கவலையோ வந்தால் அவர் என்னைப் பன்மையில் அழைப்பார்.

"வாற தவணைக்கு என்ன செய்யப் போறீங்க, டீச்சர்?"

"பஸ்ல போவன்."

"போன முற பஸ்ல போய்ட்டு வந்து கட்டில விட்டு எழும்பாமக் கிடந்தீங்களே, அந்த பஸ்லயா?"

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கவும் அவரே தொடர்ந்தார்.

"டவுன் ஸ்கூலுக்கு மாற்றம் கேளுங்க. ஸ்கூட்டிய மகளுக்குக் குடுப்பம்."

"கழுத்து திரும்பினா நானே போவன்."

"திரும்பாட்டி?"

"திரும்பாட்டிக் குடுத்துருங்க."

சொன்ன பின்புதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. மாம்புரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க என்னையன்றி ஆசிரியர் இல்லை என்பது பிறரிடம் நான் கூறிய காரணம். அது பொய்யன்று. ஆனால், உப்பளங்களுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் இடையே நான் தனியே போகும் அந்தச் சிறுபொழுதை இழக்க மனம் ஒப்பவில்லை என்பதே முதற் காரணம். வீட்டிலும் வகுப்பிலும் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சாலையில் கூப்பிட ஆளில்லை.

பிசியோதெரபி என்னும் இயன்மருத்துவம் செய்யும் சிங்களப் பெண்ணிடம் போனேன். நோயாளிகளிடமிருந்து கற்ற தமிழ் ஆதலால் அவருடைய பேச்சில் எங்கள் ஊர் வாடையே வீசியது. அவர் என் கழுத்தைத் தொடவில்லை. தம் கைப்பேசியில் தலை திருப்பிய மனிதர்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் என்று கேட்டார். இடப்பக்கம் பார்ப்பவர்களை உடனே சொல்லிவிட்டேன். வலப்பக்கம் பார்ப்பவர்களிடம் என் நா தயங்கியது. ஒரு குழந்தைக்கும் தெரியக்கூடிய விடையை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"இப்ப கண்ண மூடுங்க, டீச்சர். கழுத்த வலப்பக்கம் திருப்புற மாதிரி நினைங்க. திருப்ப வேணாம். நினைங்க மட்டும்."

நினைத்தேன். பாதி வழியில் வலி வந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

"அசைச்சீங்களா?"

"இல்ல."

"ஆனா நொந்துச்சு."

"ஓம்."

அவர் வியப்படையவில்லை. "மூள பயந்து போயிருக்கு. கழுத்து போறதுக்கு முந்தி அது நிப்பாட்டுது. முதல்ல நினைப்புல திருப்பிப் பழகுவம். பிறகு கழுத்து."

அன்று தொட்டு வீட்டில் கண்ணை மூடி இருக்கலானேன். ஸ்கூட்டரில் அமர்ந்து பாலாவியில் தலை திரும்புவதாக நினைப்பேன். முதலில் வலித்தது, பின்னர் வலி குறைந்தது, பின்னர் வலியே இல்லை. தலை வழுக்கிக்கொண்டு திரும்பியது. பெருமிதத்தோடு அந்தச் சிங்களப் பெண்ணிடம் போனேன். கழுத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். கழுத்து பழைய இடத்திலேயே நின்றது.

அவர் தம் கதிரையை என் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ண மூடினா என்ன தெரியுது?"

"ஸ்கூட்டர்ல இருக்கிறன். தல திரும்புது."

"எது தெரியுது? றோட்டா?"

"இல்ல. ஹெல்மட். பர்தா. முதுகு."

"யாரோட முதுகு?"

"என்ட முதுகுதான்."

"அப்ப நீங்க பின் சீட்ல இருக்கீங்க," என்றார் அவர். "வண்டி ஓடுறது யாரு?"

இத்தனை நாளும் நான் என் கணவரின் இருக்கையிலிருந்து வேறொரு பெண்ணின் தலை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு ஏன் வலிக்கப்போகிறது?

"பாக்கிறது வேற, டீச்சர். உள்ளுக்க இருந்து திருப்பணும். தோல் இழுபடுறது தெரியணும்."

தவணை நெருங்கிவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். வலியும் மீண்டு வந்தது. நினைப்பிலிருந்து ஸ்கூட்டரை விலக்கிவிட்டேன். அதில் ஏறினாலே நினைவு பின்னிருக்கைக்குத் தாவியது. உள்ளிருந்து அறிந்த திருப்பம் எதுவும் எனக்கு உண்டா என்று தேடினேன். தொழுகையின் முடிவில் வலமும் இடமுமாக முகம் திருப்பி ஸலாம் சொல்கிறோம். அறிவு தெரிந்த நாள் முதல் நாள்தோறும் ஐவேளை செய்தது. அந்த வலப்புற ஸலாமைக்கூட நெடுநாளாகக் கண்களால் மட்டுமே கொடுத்துவந்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தொழுது முடித்த பின், கழுத்துவலியால் நான் தொழ அமரும் கதிரையிலேயே அசையாமல் இருந்து, அந்தத் திருப்பத்தை நினைவில் செய்தேன். முகவாய் நாடி நகர்கிறது. காதடித் தோல் இறுகுகிறது. தொழுகைத் துணியின் ஓரம் கழுத்தில் உரசுகிறது. கண்முன்னே யன்னற் கம்பிகள் விலகுகின்றன, சுவர் வருகிறது, அலுமாரியின் விளிம்பு வருகிறது. அவ்விளிம்பில் எல்லாம் நின்றுவிடும். அதற்கப்பால் கதவு இருந்தது. நினைப்பில்கூட என்னால் அந்தக் கதவைக் காண இயலவில்லை.

"என்ன, துஆ இவ்வளவு நீளம்?" என்று ஒரு நாள் கணவர் கேட்டார்.

"துஆ இல்ல. கழுத்து."

"அசையக் காணமே."

"அசைக்கக் கூடாது."

"நல்ல வைத்தியம். அசைக்காம இருக்கிறதுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே."

அலுமாரியின் கைப்பிடி தென்பட ஒரு கிழமைக்கு மேலாயிற்று. கதவு முழுமையாக வரவேயில்லை. அதன் நிலைச்சட்டம் மட்டும் வந்தது. மெய்யான கழுத்தும் சிறிது இளகியிருந்தது. அது போதுமா என்பதைக் கதிரையில் இருந்து அறிய முடியாது.

தவணை தொடங்குவதற்கு முந்தைய நாள் காலை, அவரைப் பின்னிருக்கையில் ஏறச் சொன்னேன்.

"பாலாவி மட்டும் போவம். நீங்க ஒண்டும் சொல்லக் கூடாது."

"லொறி வந்தாலுமா?"

"வந்தாலும்."

"அப்ப ரெண்டு மய்யித்தையும் புள்ளைகள் ஒரேயடியா எடுக்கட்டும்," என்றபடி ஏறிக்கொண்டார்.

சந்தியில் காற்று குறுக்காக அடித்தது. சாலையோரம் கழுதைகள் நின்றன. விளக்கைப் போட்டு, நடுக்கோட்டருகே வந்து நின்றேன். எதிரே சிலாபத்திலிருந்து வந்த பஸ் ஊதிக்கொண்டு கடந்தது. அதன் பின் இடைவெளி விழுந்தது. வழக்கமாக "இப்ப போ" என்ற சொல் அந்த இடைவெளியில்தான் வரும். வரவில்லை. இருக்கைக் கம்பியை அவர் இறுகப் பற்றியிருந்தது வண்டியின் நடுக்கத்தில் தெரிந்தது. எதிர்ப்புறம் வெறுமையாகக் கிடந்தது. போய்விடு என்று என் கை வேக முறுக்கியை நாடியது.

நான் தலையைத் திருப்பினேன். நாடி நகர்ந்தது. காதடித் தோல் இறுகியது. அலுமாரி விளிம்பின் இடத்தில் வலி வந்து நின்றது. அவ்விடம் எனக்கு இப்போது பழகிய இடம். அதைக் கடந்து இன்னும் சிறிது திருப்பினேன்.

முதலில் தெரிந்தது அவருடைய முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார். கண் கண்டால் வாய் பேசிவிடும் என்று அஞ்சினார் போலும். பின்னால் வருவதை என்னையன்றிப் பார்ப்பவர் அங்கு எவருமில்லை.

அவருடைய தோளுக்கு அப்பால் லொறியின் முகப்பு இருந்தது, மிக அருகில்.

முறுக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லொறி வலப்பக்கமாக எங்களை உரசுவது போல் கடந்தது. வண்டி ஆடியது. வாயில் சீமெந்துத் தூசி கரகரத்தது. அவர் அப்போதும் கண் திறக்கவில்லை. எதிரே பார்த்தேன். மீண்டும் பின்னே திரும்பினேன். இம்முறை வலி முன்னதாகவே வந்தது, ஆயினும் கழுத்து அதே அளவுக்குப் போயிற்று. சாலை வெறுமையாக இருந்தது. வளைந்தேன்.

கற்பிட்டிச் சாலையின் ஓரத்தில் நிறுத்தினேன்.

"வளஞ்சாச்சா?" என்றார்.

"ஓம்."

கண்ணைத் திறந்து, இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னமோ ஒண்டு போச்சே. லொறியா?"

"லொறிதான்."

"கண்டியா?"

"கண்டன்."

அவர் சந்தியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னை. "நான் காணல்ல," என்றார்.

"தெரியும்."

மறுபடியும் விசையை அழுத்தியபோது, "இண்டைக்கு ஸ்கூல் இல்லயே, எங்க போற?" என்று கேட்டார்.

"மாம்புரிக்குப் போய்ட்டு வாறன்."

உப்பளங்கள் தொடங்கின. வலி மாம்புரி வரைக்கும் என்னோடு வந்தது. பின்னிருக்கையில் எவருமில்லை.